எங்க வீட்டு ரசீதுலயும் இருக்கு

"லைப்ரரி முன்ன மாதிரி இல்லைப்பா, கெட்டுப்போச்சு." இந்தப் பேச்சைக் கொஞ்ச காலமாக அடிக்கடி கேட்கிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் எதற்காகக் கூடினாலும், அது ஒரு நாவல் அறிமுகமாக இருக்கட்டும், பாரதி பிறந்த நாளாக இருக்கட்டும், டீ வருகிற நேரத்துக்குப் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். உட்கார இடமில்லை, எந்த நாற்காலியைப் பார்த்தாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், அவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதுகூட இல்லை, சொந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள், இதற்குப் பெயர் நூலகமா என்று. இதைச் சொல்கிறவர்கள் ஏதோ பொழுதுபோகாமல் குறை சொல்கிறவர்கள் அல்ல. பல வருடங்களாக அங்கே வந்து போகிறவர்கள், பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகிய காலத்தில் புத்தகம் நனையாமல் இருக்கத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தவர்கள். அவர்கள் பேச்சில் ஒரு ஆதங்கம் இருக்கிறது. அதனால் எதிர்த்துப் பேச மனம் வராது, ஆமாம் என்று தலையாட்டவும் முடியாது. ரொம்ப நாள் இந்த விஷயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நான் இருப்பது மன்னார்குடிப் பக்கம். நூலகம் ஒரே ஒரு பெரிய கூடம், பின்னால் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். வாசலில் நுழைந்ததும் வருகைப் பதிவேடு ஒரு ஸ்டூலின் மேல் திறந்து கிடக்கும், நூலில் கட்டிய பேனாவோடு. அந்தப் பதிவேட்டைப் பத்து நிமிடம் புரட்டினாலே ஊர் எப்படி மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பழைய பக்கங்களில் எல்லாம் உள்ளூர்த் தெருப் பெயர்கள்தான். வடக்கு வீதி, பெரிய கடைத் தெரு, அக்ரஹாரம் என்று. பெண் பெயர் பக்கத்துக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். இப்போதைய பக்கங்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன, பாதிக்கு மேல் பெண்கள். காலை ஒன்பது மணிக்குள் கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்துவிடும். ஏன் இந்த மாற்றம் என்று ஒரு பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, "பஸ்ஸு ஃப்ரீ ஆன பிறகுதாங்க வர முடியுது, முன்னாடி போக வர காசுக்கே வீட்ல யோசிப்பாங்க" என்றாள். 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அதன் விளைவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அது ஒரு கிளை நூலகத்தின் வருகைப் பதிவேட்டில் போய்ப் பதிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்று நானும் அங்கே இருந்தேன். கூட்டம் அதிகம். செய்தித்தாள் படிக்கிற நீள மேசையில் ஒரு ஓரமாக ஒரு பெண் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர், எல்லாருக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் அந்தப் பெண். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் சத்தமாகவே சொன்னார்: "இது பேப்பர் படிக்கிற மேசைம்மா. ஓசியில இடம் கெடைச்சா நாள் பூரா இப்படிப் புடிச்சிக்கிட்டு உக்காந்துர்றதா?"

அவள் சட்டென்று எழுந்து நோட்டை மூடினாள். "உக்காருங்க சார்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பையை மாட்டிக்கொண்டு நகரப் போனவள் நின்று, குரலை உயர்த்தாமல், "ஓசி இல்லைங்க சார், எங்க வீட்டு வரி ரசீதுலயும் நூலக வரின்னு போட்டிருக்குங்க" என்றாள். கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சார் எதுவும் சொல்லவில்லை. நூலகர் அம்மா எழுந்து வந்து, உள்ளே தன் அறையில் இருந்த நாற்காலியைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டு அவளை உட்கார வைத்தார். சார் பேப்பரைப் பிரித்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டார்.

எனக்குப் பேப்பரில் மனம் செல்லவில்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அலமாரியில் இருந்த சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி. வருஷா வருஷம் கட்டுகிறோம், மொத்தத் தொகையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு மடித்து வைக்கிறோம், உள்ளே எது எதற்கு என்று யார் படிக்கிறார்கள்? அந்தப் பெண் படித்திருக்கிறாள். பஞ்சாயத்து தருகிற வீட்டு வரி ரசீதிலும் அதே வரிதான், அதே விகிதம்தான். கூரை வீடோ மாடி வீடோ, தொகை மாறும், பத்தில் ஒரு பங்கு என்கிற கணக்கு மாறாது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள்கூட வாடகையோடு சேர்த்து இதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நூலகத்தில் நாம் விருந்தாளி, அரசாங்கம் ஏதோ தர்மத்துக்கு நடத்துகிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது, ஆசிரியருக்கும் இருந்திருக்கிறது. அந்த எண்ணத்துக்கு அடிப்படையே கிடையாது என்று அந்த ரசீது சொல்கிறது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது

இந்த வரி 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று ஒரு மாகாணம் கொண்டுவந்த முதல் சட்டம். இதற்குப் பின்னால் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருடங்கள் விடாமல் உழைத்திருக்கிறார். அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பணத்தை ஊரிலிருந்தே எடுக்கச் சொன்னது. உள்ளாட்சி வசூலிக்க வேண்டும், வசூலித்ததை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும், அதிலிருந்து நூலகங்கள் நடக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம் தொடங்கி ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் வரை 4,600-க்கும் மேல் இருக்கின்றன என்றால் இந்த 10 காசுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ நாடுகளில் பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் மூடுவது நூலகத்தைத்தான். நமக்கு அந்தப் பயம் குறைவாக இருப்பதற்கு இந்த வரி ஒரு முக்கியமான காரணம்.

ரங்கநாதனின் ஐந்து விதிகளை நூலகப் பக்கம் போகிற எல்லாரும் சுவரில் பார்த்திருப்போம். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. ஐந்தாவது, நூலகம் வளர்கிற ஓர் உயிர். சுவரில் பார்த்துப் பார்த்து மரத்துப்போன வாசகங்கள். ஆனால் முதல் விதியை விளக்கும்போது அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள்: நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும். புத்தகத்துக்கு முன்னால் இடம், நேரம், நாற்காலி. அதை அவர் எழுதி வெளியிட்ட 1931-ஆம் வருடம்தான் எங்கள் மன்னார்குடியில் மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக அனுப்பினார். வயலில் வேலை செய்கிறவனால் நூலகத்துக்கு வர முடியாதென்றால் நூலகம் போகட்டும் என்ற எண்ணம். அதைப் பற்றி எங்கள் பக்கத்தில் பெருமையாகப் பேசுவோம், நானும் பேசுவேன். அந்த வண்டியின் அர்த்தம், யாருக்கு எது தேவையோ அதற்குத் தகுந்த மாதிரி நூலகம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் என்பதுதான். அப்படியிருக்க, இன்றைக்கு ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்குத் தேவைப்படுவது அமைதியான ஒரு மேசையும் ஒரு டியூப் லைட்டும் என்றால், அதைக் கொடுப்பது எப்படி நூலகத்தைக் கெடுப்பதாகும்?

அவள் வீட்டில் மேசை கிடையாது. ஒரே அறை, ஓடிக்கொண்டிருக்கிற டிவி, தம்பி, தங்கை. தனியார் பயிற்சி மையத்தில் சேர ஆயிரக்கணக்கில் வேண்டும். குரூப் 4 எழுதுகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பாடப் புத்தகங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அது நூலகத்தில் ஒரு முழு செட்டாக இருந்தால் எடுத்துப் படிப்பார்கள். எங்கள் நூலகத்தில் இருந்தது பழைய பாடத்திட்டத்தின் புத்தகங்கள். 2018-இல் பாடத்திட்டம் மாறத் தொடங்கி, புது நூல்கள் வந்துவிட்டன. பழையதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதனால்தான் சொந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "நூலகப் புத்தகத்தைத் தொடுவதில்லை" என்ற குற்றச்சாட்டின் மறுபக்கம் இது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போய் யாரும் இதைக் குறை சொல்வதில்லை. மாநிலத்தின் ஆகப்பெரிய நூலகத்தில் முறையான சேவையாக இருப்பது எங்கள் ஊரில் மட்டும் அத்துமீறல் ஆகிவிடுமா?

நாலு மணி வரை எங்கே போவது

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அந்தப் பிள்ளைகளோடு பேச ஆரம்பித்தேன். நூலகத்தில் என்ன வேண்டும் என்று கேட்டால் புத்தகம் என்று யாரும் முதலில் சொல்லவில்லை. கழிப்பறை என்றார்கள். நூலகத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, தண்ணீர் வராது, கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஆண்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துவிடுவார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது, மதியம். கிளை நூலகம் என்றால் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், நடுவில் பூட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே ஒரு நூலகர் இருக்கிற இடத்தில் அவரும் மனுஷிதானே, சாப்பிட வேண்டும், வீட்டைப் பார்க்க வேண்டும், மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் என்றால் போக வேண்டும். ஆனால் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த பெண் மதியம் மூன்றரை மணி நேரம் எங்கே போவாள்? கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். அங்கேயும் மதியம் நடை சாத்திய பிறகு வெளி மண்டபம் மட்டும்தான். மே மாத வெயிலில் அந்தக் கல் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும்.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. நம்முடைய வாசகர் வட்டத்தில் எத்தனை வருடங்களாகக் கூடிப் பேசுகிறோம், என்ன நூல் வாங்க வேண்டும், எந்த எழுத்தாளரைக் கூப்பிட வேண்டும் என்று. ஒரு தடவைகூட தாழ்ப்பாளைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை, ஏனென்றால் அங்கே உட்கார்ந்து பேசுகிற எல்லாரும் நூலகத்திலிருந்து பொடிநடையாக வீட்டுக்குப் போய்விடக்கூடியவர்கள். யார் ரொம்ப நேரம் இருக்கிறார்களோ அவர்கள் கூட்டத்தில் இல்லை. யார் கூட்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள் அரை மணி நேரத்தில் பேப்பர் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளில் நாலைந்து பேரைக் கூப்பிட்டோம். கூச்சப்பட்டு மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் சொல்லி முடித்ததும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், அவரும் பழைய உறுப்பினர்தான், மறுநாளே ஆள் அனுப்பித் தாழ்ப்பாளும் குழாயும் மாற்றிக் கொடுத்தார். மோட்டாருக்கு மட்டும் துறையின் அனுமதி, மதிப்பீடு என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஊர் முன்வந்தால் நூலகம் எந்த அளவுக்கு வளரும் என்பதற்கு நமக்கு மிகப் பெரிய உதாரணம் யாழ்ப்பாணம். 1933-இல் கே.எம்.செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து கமிட்டி போட்டார்கள், ஒரு சின்ன வாடகை அறைக்கு மாறியது, நிதி திரட்டினார்கள், 1959-இல் அந்தப் பெரிய கட்டடம் திறந்தது. 1981-இல் அது எரிக்கப்பட்டபோது கிட்டத்தட்ட 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அந்த மக்கள் அதைச் சொந்த வீட்டில் நடந்த சாவாகவே எடுத்துக்கொண்டார்கள், இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு செங்கல்லிலும் அவர்கள் கைக்காசு இருந்தது. எங்கள் ஊர் நூலகத்திலும் எங்கள் காசு இருக்கிறது, ஆனால் அது ரசீதுக்குள் ஒளிந்திருப்பதால் எங்களுக்கு அந்த உரிமை உணர்வு வரவில்லை என்று நினைக்கிறேன்.

உரிமை என்று சொல்லும்போது புத்தகக் கொள்முதலைச் சொல்லாமல் விட முடியாது. எந்த நூல் வாங்குவது என்பது பெரும்பாலும் தலைநகரில் முடிவாகிறது, கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. எங்கள் அலமாரியில் கடலோர மீன்பிடிப்பு பற்றி நூல் இருக்கிறது, நெல் ரகங்கள் பற்றித் தேடினால் ஒன்றும் உருப்படியாக இல்லை. சுற்றிலும் நெல் வயல். பாரம்பரிய நெல் பற்றித் தெரிந்துகொள்ள வந்த ஒரு விவசாயி, சுகாதாரத் துறைத் துண்டறிக்கைகளைப் புரட்டிவிட்டுத் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அவர் மறுபடி வரவில்லை. மொத்தமாக வாங்குவதில் விலை குறையும், சின்னப் பதிப்பகங்களும் பிழைக்கும், அதெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு கிளையும் தன் ஊருக்கென்று ஒரு சின்னப் பங்கையாவது தானே தேர்ந்தெடுக்க முடிந்தால் அலமாரிக்கும் ஊருக்கும் சம்பந்தம் வரும்.

பழைய வாசகர்களின் ஆதங்கத்தை நான் தள்ளிவிடவில்லை. பேப்பர் படிக்க அவர்களுக்கும் ஒரு இடம் வேண்டும், அதுவும் முதுகு வலிக்காத நாற்காலி. இப்போது நீள மேசையில் ஒரு பக்கம் காலை பதினொரு மணி வரை செய்தித்தாள் வாசகர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார் நூலகர் அம்மா, பிள்ளைகளே அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். கால் முடியாமல் வீட்டில் இருக்கிற சில பாட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்கதைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பதும் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பையன்தான். நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறான். வேலை கிடைத்துப் போன ஒருவர் முதல் சம்பளத்தில் 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆனார், பெயர் பலகையில் இருக்கிறது. ஆசிரியர் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. வருகிறார், படிக்கிறார், "படிச்சி வேலைக்குப் போயிட்டா அப்புறம் ஒருத்தனும் ஒரு நாவல் எடுத்துப் படிக்க மாட்டான் பாரு" என்று என்னிடம் சொல்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிலர் படிப்பார்கள், பலர் படிக்க மாட்டார்கள். படிக்காதவர்களுக்கும் அந்த மேசை கிடைத்திருக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்த ஒரு இடத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

எங்கள் நூலகத்தை முழுநேரக் கிளை நூலகமாகத் தரம் உயர்த்தக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அப்படி ஆனால் மதியம் பூட்ட வேண்டியதில்லை, கூடுதலாக ஆளும் வரலாம். உறுப்பினர் எத்தனை பேர், தினமும் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை நூல் இரவல் போகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆகவே வருகிற பிள்ளைகள் எல்லாரையும் உறுப்பினராகச் சேரச் சொல்லி, பதிவேட்டில் தவறாமல் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சந்தா சொற்பம்தான், அதுகூட முடியாதவர்களுக்கு வாசகர் வட்டம் கட்டுகிறது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது பலமுறை செய்தியில் வந்த விஷயம். அக்டோபர் 2 கிராம சபையில், சுற்றியுள்ள பஞ்சாயத்துகளில் இரண்டே கேள்வி கேட்கப் போகிறோம்: போன வருடம் நம் பஞ்சாயத்தில் நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். நகராட்சி, பேரூராட்சியில் இருக்கிறவர்கள் வார்டு உறுப்பினரிடம் இதையே எழுத்தில் கேட்கலாம். உங்கள் ஊரில் கேட்டுப் பார்த்துவிட்டு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். எங்களுக்கு வருகிற கணக்கை நானும் இங்கே போடுகிறேன்.